பின்கட்டுக்குச் சேதமில்லை

சதுரங்கப்பட்டினம்,
20-4-56, வெள்ளிக்கிழமை

என் வெல்லக்கட்டி சுபானிக்கு அம்மா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் தங்கை ஃபக்ருன்னிசாவும் அல்லாஹ் வைத்தபடி இருக்கிறோம், பினாங்கில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். இன்றைக்கு நோன்பு எட்டு. நோன்பு வைத்துக்கொண்டு கடையில் துணிக்கட்டு தூக்காதே, உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கேட்டு வாங்கிக்கொள். நாலு மாதமாகச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்த உன் தங்கை இப்போதுதான் நோன்புக் கஞ்சி இரண்டாவது கிண்ணம் கேட்கிறாள். என் எழுத்து கோணலாக இருக்கும், மூன்றாவது வகுப்போடு நின்றவள், பொறுமையாகப் படி. இது இன்னொருவரை வைத்து எழுதுகிற விஷயம் இல்லை.

உனக்கு வந்த தந்தியில் அத்தா மவுத் என்று மட்டும்தான் இருந்திருக்கும். கார்த்திகைப் புயலில், விடிகிற நேரம், பின்கட்டில் தண்ணீர் ஏறுகிறது என்று நெல் மூட்டையை நகர்த்தப் போனார், சுவரும் கூரையும் சேர்ந்து அவர் மேல் வந்துவிட்டது. முன்பக்கம் ஓடு பறந்ததோடு சரி, பின்கட்டு மொத்தமும் தரை. வீட்டை இன்ஷூரன்ஸ் பண்ணியிருந்தது உனக்குத் தெரியும், உன் மாமா காஜா மொய்தீன்தான் அந்தக் கம்பெனிக்கு ஏஜெண்டு. இது நமக்கு ஆகுமா என்று ஆலிமைக் கேட்கவேண்டும் என்று உன் அத்தா இழுத்துக்கொண்டே இருந்தார், தம்பிக்கு ஒரு ஆள் சேரட்டும் என்று நான்தான் நச்சரித்து அவரைக் கையெழுத்துப் போடவைத்தேன். நாற்பதாம் ஃபாத்திஹா முடிந்த மறுவாரம் சேதம் பார்க்கக் கம்பெனி ஆள் வந்தார். நான் இத்தாவில் இருக்கிறேன், புருஷன் போன நாலு மாதம் பத்து நாளும் அந்நிய ஆண் முன்னால் வரக்கூடாது, எனக்கும் அவருக்கும் நடுவில் போய்வந்து பேசினவன் உன் மாமா ஒருவன்தான். கூடப் பிறந்தவன், அவனுக்கு என்ன திரை. நான் மூலை அறையில் கதவைச் சாத்திக்கொள்கிறேன், அவரைப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டுடா என்றேன். நீ கம்முனு இருக்கா, நான் பாத்துக்கறேன் என்று போனான். உள்ளே ஒரு செருப்புச் சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சந்து வழியா இட்டுகினு போய்க் காட்டிட்டேன்கா, வந்து பாத்ததுக்கு ஒரு கையெழுத்து போடு என்று இங்கிலீஷில் அடித்த தாளைக் கதவிடுக்கில் நீட்டினான். என்னடா எழுதியிருக்கிறது என்று கேட்டேன். பாத்தாருன்னு எழுதிகீது, வேற இன்னா என்றான். பிஸ்மில்லா சொல்லிப் போட்டேன். மாசியில் எண்ணூறு ரூபாய் கொண்டுவந்து, இவ்ளோதான் குடுத்தானுங்க, பேஜார் புடிச்ச கம்பெனி என்று அவனே திட்டினான். அது முன்பக்கத்து ஓட்டுக்கே தீர்ந்துபோயிற்று. பின்கட்டு எழுப்ப மூவாயிரத்துக்குக் குறையாது என்கிறான் கொத்தனார் கருப்பன். இப்போது பின்பக்கம் கீற்றுத் தட்டிதான் மறைப்பு, சமைப்பது நடையில், வயது வந்த பெண்ணை வைத்துக்கொண்டு தட்டிக்குப் பின்னால் குளிக்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்கு அந்தத் தட்டி நிற்காது.

இத்தா முடிந்த மறுநாள் மளிகைக்கடை அருணகிரி வந்தார், அவர் கடையையும் உன் மாமாதான் கம்பெனியில் சேர்த்துவிட்டிருக்கிறான், அவருடைய புயல் சேதத்துக்கும் குறைத்துத்தான் கொடுத்தார்களாம். வாசலிலேயே நின்றுகொண்டு, ஏம்மா நல்லாருப்பீங்களா, உங்க வூடே தரையா கெடக்குது, குடுத்ததை வாங்கிகினு கம்முனு கீறீங்க, நான் வாயைத் தொறந்தா எங்க அக்காவே ஒத்துகினா உனக்கின்னாய்யான்னு கேக்குறாரு உங்க தம்பி, உங்களைக் காட்டியே ஊரு வாயை அடைச்சிகினு கீறாரு என்றார். குறைவாக முடித்துக்கொடுத்தால் இன்ஸ்பெக்டர் வேலை என்று கம்பெனியில் அவனுக்கு ஆசை காட்டியிருக்கிறார்களாம். நான் நம்பவில்லை, அவர்மேல்தான் கோபம் வந்தது. ஆனாலும் பணத்தோடு உன் மாமா கொடுத்துவிட்டுப்போன உறையில் இரண்டு தாள் இருந்தது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தைரியமாக விட்டுவிட்டான், அதை எடுத்துக்கொண்டு புதன்கிழமை உன் தங்கையோடு செங்கல்பட்டு போனேன். கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிற மோசஸ் என்பவர் இரண்டு தரம் படித்தார், பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தமிழில் சொன்னார். முன்கட்டில் ஓடு சேதம். உள்ளே கோஷாப் பெண் இருந்ததால் போய்ப் பார்க்கவில்லை. வீட்டம்மாளின் சகோதரர் சொன்னபடி, பின்கட்டுக்குச் சேதமில்லை. இன்னொரு தாளில், கம்பெனி கணக்குப் பண்ணியதை முழுத் திருப்தியோடு ஏற்கிறேன், மேற்கொண்டு கேட்கமாட்டேன், அதன் கீழே என் கையெழுத்து. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பஸ்ஸில் உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், நான் அழுகிறேனா என்று பார்த்துக்கொண்டே வந்தாள், எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது என்றார் மோசஸ். தம்பி ஏமாத்தி வாங்கினான்னு நீங்க சத்தியம் பண்ணி எழுதணும்மா, அவரு வேலைக்கும் ஆபத்து, கேசும் வரலாம், வூட்டுக்குப் போய் யோசிங்க என்றார். நேற்று உன் மாமாவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்தேன். முகம் வெளுத்தது, உடனே சத்தம் போட ஆரம்பித்தான். இன்னாக்கா, இத்தாவுல உக்காந்த பொம்பளை வூட்டுக்குள்ள அந்நிய ஆம்பளைய இட்டுகினு வரணுமா நானு, உன் மானத்துக்காவ செஞ்சேன் என்றான். அப்புறம் குரலை இறக்கி, வேலை கெடைச்சா மாசாமாசம் உனுக்குக் குடுக்கமாட்டனா என்றான். எழுந்து போகும்போது, மச்சானே பூட்டாரு, செவுரு இருந்தா இன்னா, போனா இன்னா என்றான். அதுவரைக்கும் எனக்கு இரண்டு மனதாகத்தான் இருந்தது, சுபானி. திங்கட்கிழமை மோசஸிடம் போய் அந்தச் சத்திய மனுவில் கையெழுத்துப் போடப்போகிறேன். இந்தக் கடிதம் கடல் தாண்டி உன்னிடம் வருவதற்குள் அது முடிந்திருக்கும், அதனால் வேண்டாம் என்று எழுதாதே.

உன்னைக் கப்பலேற்றிவிட்டவன் அவன், அந்த நன்றியை நீ மறக்கவேண்டாம், ஆனால் இனிமேல் பணம் அனுப்பினால் அவன் பெயருக்கு அனுப்பாதே, என் பெயருக்கே மணியார்டர் போடு. அத்தாவுக்காக யாசீன் ஓது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் ஹலாலான வருமானமும் கொடுத்து, ஒரு தலைவலிகூட இல்லாமல் உன்னை என் கண்ணில் காட்டட்டும். சுவர் விழுந்ததைப் பார்த்த சாட்சி யார் என்று மோசஸ் கேட்டார், கருப்பன் பெயரைக் கொடுத்தேன், அவன் மறுநாள் வந்து பார்த்தவன். அந்த மழையில் முதலில் ஓடிவந்தவன் உன் மாமாதான். மண்வெட்டிக்குக்கூடக் காத்திராமல், நகம் பெயரப் பெயரக் கையாலேயே தோண்டி, மச்சான் மச்சான் என்று கத்திக்கொண்டே உன் அத்தாவை வெளியே எடுத்தவன் அவன். ஐம்பது நாளைக்குள் அதே வீட்டு வாசலில் நின்று, பின்னால் ஒன்றும் விழவில்லை சார் என்று சொல்ல அவனுக்கு எப்படி மனது வந்தது, சுபானி?

இப்படிக்கு,
உன் அம்மா
ஷரீபுன்னிசா