கயாவுக்குக் கிளம்பி நாக்பூரில் இறங்கினோம்

ஈஜிபுரா, பெங்களூரு

என் செல்ல மகள் தாரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் க்ளென்னும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா, அந்த நியூசிலாந்துக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று உங்களையே நினைத்துக்கொண்டு இங்கே நாங்கள் சௌக்கியமாக இருக்கிறோம். அப்பாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. வைட்ஃபீல்ட் ஆபீஸில் என் ஹவுஸ்கீப்பிங் வேலையும் வழக்கம்போல் போகிறது, போக வர பஸ்ஸில்தான் உயிர் போகிறது. இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே நீ "ஐயோ, அப்புறம்?" என்பாய், நான் அழுதுவிடுவேன், அப்பா வேறு பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் உன் மாமனாரிடமும் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள், நானே எழுதுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். பயப்படாதே, எல்லாம் நல்லபடியாக முடிந்த சங்கதிதான்.

நம் புத்த விகாரத்திலிருந்து முனிகிருஷ்ணன் ஆள் சேர்த்து புத்தகயாவுக்குக் கூட்டிப்போகிறார் என்று முன்பே சொல்லியிருந்தேன் இல்லையா. பையப்பனஹள்ளி ஸ்டேஷனில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் ஏறினோம், பாட்னாவில் இறங்கி அங்கிருந்து கயா போவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வெள்ளைச் சட்டை, அதில் பஞ்சசீலக் கொடி பேட்ஜ். வண்டியின் பேரை எல்லாருக்கும் விளக்கினார். சங்கமித்ரா என்றால் அசோகருடைய மகள், அவளைக் கடல் தாண்டி அனுப்பி வைத்தார் என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. உன் கல்யாணம் விவேக் நகர் சர்ச்சில் நடந்ததிலிருந்து உன் பேரை எடுத்தாலே எழுந்து வெளியே போகிற மனுஷர் அல்லவா. நான் முறுக்கை எடுத்து நீட்டினேன்.

மறுநாள் காலை நாக்பூர் வந்தது. ரயில் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் புரட்டிக்கொண்டே இருந்தது. அப்பா, "நீ படுத்துக்கோ, ஒரு சோடா வாங்கினு வரேன், இங்க வண்டி ரொம்ப நேரம் நிக்கும்" என்று இறங்கினார், போன் சார்ஜில் கிடந்தது. அவர் நினைத்த அளவு வண்டி நிற்கவில்லை. நகர ஆரம்பித்ததும் நான் வாசலுக்கு ஓடினேன், பிளாட்பாரம் முழுக்கத் தலைகள், எது அவர் தலை என்று தெரியவில்லை. வேறு பெட்டியில் ஏறியிருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள், எனக்கும் சங்கிலியை இழுக்கத் தோன்றவில்லை. முனிகிருஷ்ணன் பெட்டி பெட்டியாகத் தேடித் திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்காமல் நின்றபோதுதான் அப்பா வண்டியிலேயே இல்லை என்று எனக்கு உறைத்தது. இந்தி தெரியாது, போன் இல்லை, மாத்திரை என் பையில், சுகர் ஆள் வேறு.

அப்போதுதான் என் போன் அடித்தது. பேசியது யார் தெரியுமா, உன் மாமனார் ஜெரால்டு அண்ணன். "தமயந்திம்மா, பதறாதீங்க, உத்தமன் நாக்பூர் ஸ்டேஷன்லயேதான் உக்காந்துனு இருக்கான், சேஃபா இருக்கான்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்தது இதுதான். அப்பா பிளாட்பாரத்தில் முழித்துக்கொண்டு நின்றிருக்கிறார். உமேஷ் என்று ஒரு ஆட்டோக்காரர் சட்டையில் இருந்த பேட்ஜைப் பார்த்து ஜெய்பீம் சொல்லி, என்ன ஆச்சு என்று சைகையில் கேட்டுத் தன் போனைக் கொடுத்திருக்கிறார். அப்பாவுக்கு என் நம்பரும் தெரியாது, தன் நம்பரும் தெரியாது. மனசில் இருந்த ஒரே நம்பர் க்ளென் வீட்டு லேண்ட்லைன். விவேக் நகரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நாம் குடியிருந்தபோது நமக்கும் அதுதானே பி.பி. நம்பர், நமக்குப் போன் வந்தால் அவர்கள்தானே வந்து கூப்பிடுவார்கள், உன் ஸ்கூல் டைரியில்கூட அதைத்தான் எழுதியிருந்தோம். கல்யாணத்தோடு பேச்சை நிறுத்திய வீட்டுக்கே போன் செய்ய வேண்டி வந்தது பார். அண்ணன் எடுத்து ஹலோ என்றதும் அப்பா பேர்கூடச் சொல்லவில்லையாம், "நான்தான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அண்ணன் உடனே "எங்கடா இருக்க?" என்று கேட்டாராம், வேறு எதுவும் கேட்கவில்லையாம்.

முனிகிருஷ்ணன் கூட வருகிறேன் என்றார், அத்தனை பேரை விட்டு எப்படி வருவார், வேண்டாம் என்று சொல்லிவிட்டு இட்டார்சியில் நான் தனியாக இறங்கி நாக்பூருக்குத் திரும்புகிற வண்டியைப் பிடித்தேன். உன் அம்மாவுக்கு இவ்வளவு தைரியமா என்று ஆச்சரியப்படாதே. சிவாஜி நகரில் கற்றுக்கொண்ட உருதுதான் கை கொடுத்தது. சீட்டில் இடம் கொடுத்த அம்மாவிடம் வேண்டாம் என்பதற்கு "நக்கோ, நக்கோ" என்றேன், எங்கள் ஊரிலும் அப்படித்தான் சொல்வோம் என்று அவள் சிரித்து, கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

விளக்கு போடுகிற நேரத்துக்கு நாக்பூர் வந்து சேர்ந்தேன். அப்பா பெஞ்சில் இருந்தார், பக்கத்தில் உமேஷும் அவர் மனைவி வீணாவும். வீட்டுக்கு வாருங்கள் என்று எவ்வளவு கூப்பிட்டும், அவள் வராமல் நகர மாட்டேன் என்று பகல் முழுக்க அங்கேயே இருந்திருக்கிறார். வழியெல்லாம் திட்டுவதற்கென்று எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன் தாரணி. என்னைப் பார்த்ததும் எழுந்து அந்த சோடா பாட்டிலை நீட்டி, "வயிறு எப்படி இருக்கு?" என்றார். திட்டாமல் வாங்கிக் குடித்தேன். அன்றைக்கு வீணா வீட்டில்தான் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுத் தங்கினோம். முன்பின் தெரியாதவர்கள், தாங்கள் படுக்கும் கட்டிலை எங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் பாய் போட்டுக்கொண்டார்கள்.

காலையில் உமேஷ் எங்களை தீட்சாபூமிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனார். பாபாசாகேப் லட்சக்கணக்கான ஜனங்களோடு பௌத்தம் தழுவிய இடம். அவ்வளவு பெரிய ஸ்தூபி, உள்ளே போனால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கிறது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து போதி மரத்தடியில் உட்கார்ந்தோம். அப்பா, "இங்க வந்து மாறினாங்களே, அவங்களோட அப்பா அம்மால்லாம் என்ன சொல்லியிருப்பாங்க, கேளு" என்றார். நான் என் உருதுவில் கேட்டேன். உமேஷ் சொன்னார், அவருடைய தாத்தா வீட்டில் சொல்லாமல் தனியாக வந்து மாறினாராம், தாத்தாவின் அப்பா அதோடு பேச்சை விட்டவர்தான், சாகிற வரைக்கும் பேசவே இல்லையாம், தாத்தா வயசான பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி அழுவாராம். அதை அப்பாவுக்குச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனாலும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கயாவுக்குப் போக முடியவில்லையே என்று எனக்குத் துளியும் வருத்தமில்லை, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். ஊர் திரும்பியபோது ஜெரால்டு அண்ணன் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். அப்பா கையிலிருந்த பையை வாங்கப் போனார், இவர் விடவில்லை, அவரும் விடவில்லை. இரண்டு கிழவன்களும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெளி வாசல் வரைக்கும் அந்தப் பையைத் தூக்கி வந்தார்கள், பேச்சு மட்டும் கிடையாது. போன ஞாயிறு உன் மாமியார் செய்த வெள்ளை ஆப்பத்தை அப்பா நாலு தின்றார்.

நீ நைட் டியூட்டி முடித்துப் பசியோடு தூங்காதே, ஒரு தம்ளர் பாலாவது குடி. முடியைப் பார்த்துக்கொள், போட்டோவில் நெற்றி ஏறியிருக்கிறது. க்ளென்னிடம் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல். புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும், நினைத்ததெல்லாம் நடந்து நீண்ட காலம் நன்றாக இருங்கள்.

ஒன்று மறந்துவிடாதே. உங்கள் ஊரில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள் என்று அப்பா இரண்டு நாளாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடு. அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்குப் போன் வரும், என் நம்பரிலிருந்துதான் வரும். எடுத்ததும் அவசரப்பட்டு "அம்மா" என்று சொல்லிவிடாதே.

எப்போதும் உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா தமயந்தி