ஸுஹைலின் வலக் காது

அலுவிகாரை
12 ஜூன் 2024

அன்புள்ள றுஸ்னா,

ஃபோனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். அதனால் இந்தக் கடிதம். பள்ளிக்கூடத்தில்கூட நாம் இத்தனை நாள் பேசாமல் இருந்ததில்லை.

பால் கட்டியிருக்கும். துணியால் இறுக்காதே, குளிர்ந்த ஒத்தடம் கொடு.

உயிர் போகும்போது மகன் தனியாக இருக்கவில்லை. சிசுப் பிரிவில் அன்று டியூட்டி நர்ஸ் நான்தான். கடைசிவரை என் கை அவன்மேல் இருந்தது.

ஒரு வரியாவது எழுது.

உன் நிஷா


கொங்காவலை
20 ஜூன்

நிஷாந்தினி,

பால் வற்றிவிட்டது.

உன் கையை நானும் பார்த்தேன். சக்கர நாற்காலியில் என்னைக் கண்ணாடிக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளங்கையில் தண்ணீர். அவன் நெற்றி. உன் உதடுகள் அசைந்தன. உன் தங்கை பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கோயிலில் உன் பக்கத்தில் நின்றவள் நான். எனக்குத் தெரியாதா?

அதற்குச் சற்று முன்புதான் அவன் வாப்பா நிஸ்தார் கதவடியில் உன்னிடம் கேட்டார்: "தங்கச்சி, புள்ளட வலக் காதுல பாங்கு சொல்லோணும். ரெண்டு நிமிஷம்."

"ஆம்பளைங்க உள்ள வர ஏலாது நானா. மேட்ரன் ஏசுவாங்க. கொஞ்சம் நில்லுங்க" என்றாய்.

உலகத்தில் பிள்ளை கேட்க வேண்டிய முதல் சொல் அந்தத் தொழுகை அழைப்பு. அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அவனுக்கு என்ன பெயர் வைத்தாய்?

றுஸ்னா


அலுவிகாரை
27 ஜூன்

றுஸ்னா,

யோசேப்பு. உங்களுக்கும் யூசுப் நபி இருக்கிறாரே என்று அந்த நொடியில் தோன்றியது.

மூச்சு இறங்கிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் படாமல் போகும் பிள்ளைக்கு மோட்சம் இல்லை என்று அம்மா சின்ன வயதில் சொன்ன பயம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. வேறொருத்தியின் பிள்ளை என்றால் சும்மா நின்றிருப்பேன். அது உன் பிள்ளை.

பாங்கைப் பிறகும் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படி எழுதுகிறேன். பிறகு என்று ஒன்று இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

மன்னிப்பாயா?

நிஷா


கொங்காவலை
15 ஜூலை

நிஷா,

எங்களில் பிள்ளை பாவமில்லாமல்தான் பிறக்கிறது. கழுவ அவனில் ஒன்றும் இருக்கவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அவன் பெயர் ஸுஹைல். கபன் துணி சுற்றும்போது நிஸ்தார் குனிந்து காதில் பாங்கு சொன்னார். உயிர் போன மையித்துக்கு அது இல்லை என்று வந்தவர்கள் தடுத்தார்கள். அவர் முழுதாகச் சொல்லி முடித்தார்.

நீ செய்ததை அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இனி எழுதாதே.

நேற்றும் கேட்டார்: "ஒண்ட கூட்டாளி பக்கத்துல ஈந்ததால புள்ள தனியா மவுத்தாகல்ல. அவக்கு ஒரு சாப்பாடு குடுக்கோணும். எப்ப வரச் சொல்ற?"

"அவக்கு டியூட்டி" என்றேன்.

எந்த நாளைக் கேட்டாலும் உனக்கு டியூட்டிதான்.

றுஸ்னா