மாதத்துக்கு நாலு விரல்

வலங்கைமான்
6.1.1997

அன்பு மச்சானுக்கு ஹபீபுன்னிசாவின் ஸலாம்.

நெடுநாள் ஆலோசனைக்குப் பின், சென்ற மாதம் மூன்றாம் தேதி காலை பத்தேகால் மணிக்கு, பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்வதென்று முடிவெடுத்தேன். பன்னிரண்டு வருடத்தில் ஆறு லீவு. ஒவ்வொன்றிலும் கடைசி நாள் நீங்கள் கழற்றிப்போட்ட கைலி அங்கேதான் இருந்தது. ஆறையும் வெட்டி நெல் சாக்கில் வைத்துத் தைத்துவிட்டேன். மாதத்துக்கு நாலு விரல். நீங்கள் இருந்த மாதம் கைலி, இல்லாத மாதம் வெறும் சாக்கு. இருபத்துநாலு முழம் வந்தது.

"ஏன் ஹபீபு, நல்ல சாக்கைப் போயி வீணாக்குற?" என்றார் பக்கத்து வீட்டு மங்களாம்பிகை அக்கா. மாடியில் குடியிருக்கும் ஓவிய டீச்சர் மேகலாதான் படியில் தடதடவென்று ஓடிவந்தாள். "அக்கா, கை வைக்காதீங்க! இது அப்படியே மெட்ராஸ் கண்காட்சிக்குப் போவுது!"

இதோடு போட்டோ வைத்திருக்கிறேன்.

உங்கள் ஹபீபு


ஷார்ஜா
2.2.1997

அன்புள்ள ஹபீபு,

உன் கடிதத்தை ரூமில் சத்தமாகப் படித்தது என் தப்பு. "மாப்ள, ஒங்க கைலிய செவுத்துல மாட்டப் போறாங்களாமே! தொவச்சாங்களா?" என்று அஹமது கபீர் இன்னும் விடவில்லை. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். போட்டோவைக் கேட்காதவர்களுக்கும் காட்டுகிறேன்.

ஒரே ஒரு யோசனை. சாக்கு கொஞ்சம் அதிகமோ? குறைத்தால் கைலி எடுப்பாகத் தெரியும்.

ஆகஸ்டிலிருந்து இன்னும் இரண்டு வருடத்துக்குக் கம்பெனியில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடட்டுமா?

சித்தீக்


வலங்கைமான்
12.5.1997

மச்சானுக்கு,

சாக்கை நான் அளக்கவில்லை, உங்கள் கம்பெனி அளந்தது.

மெட்ராஸில் கூட்டமோ கூட்டம்! இது எந்த மண்ணின் துணி என்று கண்ணாடி போட்ட ஒருவர் கேட்டார். கைலி ஷார்ஜாவில் வாங்கியது, உள்ளே இந்தோனேசியா என்று சீட்டு இருக்கிறது, சாக்கு வங்காளம், நூல் கோயமுத்தூர் என்றேன். 'வலங்கைமான் மரபு' என்று எழுதிக்கொண்டார்.

இன்னும் கேளுங்கள்! நெதர்லாந்துக்காரர்கள் மூன்று மாதம் அங்கே வந்து தைத்துக்காட்டச் சொல்கிறார்கள். மேகலாவும் வருகிறாள். பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதிலுள்ள போட்டோவில் சிரித்துவிட்டேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி விமானம்.

கையெழுத்து உங்கள் இஷ்டம். போட்டால் இன்னும் நாலு முழம் சாக்கு வாங்க வேண்டும். வெட்டுவதற்குக் கைலி இல்லை.

ஹபீபு


வலங்கைமான்
19.8.1997

அன்புள்ள ஹபீபு,

முகவரியைப் பார்த்தாயா? கையெழுத்துப் போடவில்லை. ஒரேயடியாக வந்துவிட்டேன்! பதினைந்தாம் தேதிதான் விட்டார்கள். ஒரு வாரம் முந்தி விட்டிருந்தால் மீனம்பாக்கத்தில் உன்னைப் பிடித்திருப்பேன்.

சாவி மங்களாம்பிகை அக்காவிடம் இருந்தது. "ஒருவழியா வந்தீங்களா தம்பி? வூட்டுக்காரம்மா ஃபாரின்ல இருக்காங்க, லெட்டர் போடுங்க" என்றார்.

ஆயத்தமாக ஒரு சாக்கை எடுத்து மூன்று மாதத்துக்குப் பன்னிரண்டு விரல் அளந்து வெட்டி வைத்திருக்கிறேன். இதை எந்த முனையில் தைப்பது என்று எழுது.

என் பெட்டிகள் கார்கோவில் வருகின்றன, இன்னும் வந்து சேரவில்லை. குளித்துவிட்டு பீரோவைத் திறந்தேன். இப்போது கட்டியிருப்பது மங்களாம்பிகை அக்கா வீட்டுக்காரரின் வேட்டி.

சித்தீக்