அந்த மஞ்சள் பெல்ட்டை நான் வெட்டவில்லை

என் உயிருக்குயிரான மாப்ளே ஏழுமலைக்கு,

நீ இருந்திருந்தால் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "ஸ்டோர் ரிஜிஸ்டர்ல ரெண்டு வரி எழுதவே மூக்கால அழுவ, நீ லெட்டர் எழுதுறியா மச்சான்?" என்று கேட்டிருப்பாய். நீ போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் என்னை ஒருவரும் கிண்டல் செய்யவில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள், அதுதான் தாங்க முடியவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. என் தங்கை கோமதி மறுபடி ஷூ கம்பெனிக்குப் போகிறாள், அதே தையல் பிரிவு. உன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. யார் வந்தாலும் வாயைத் திறந்து காட்டுகிறாள். கோமதி மட்டும் என்னோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. நீ இருக்கும் இடத்தில் எல்லாம் தெரிந்துவிடுமோ என்னவோ, என் வாயாலும் ஒருமுறை கேட்டுவிடு.

ஞாபகம் இருக்கிறதா, கிரேனில் மாட்டி மூன்று டன் வரை தூக்குகிற அந்த மஞ்சள் பெல்ட்? ராணிப்பேட்டையில் இரும்புத் தூண்களைத் தூக்கி நிறுத்தி முடித்த அன்று நீதான் அதைக் கொண்டுவந்து ஸ்டோரில் என் மேஜைமேல் போட்டாய். ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. "இது செத்துப்போச்சு மச்சான். டேக்கக் கிழிச்சிட்டு ரெண்டா வெட்டிப் போட்டுடு. முழுசா வெச்சன்னா எவனாவது எடுத்துக் கட்டிடுவான்" என்றாய். எண் எழுதிய டேக்கைக் கிழித்தேன். கத்தியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் மேனேஜர் பாஸ்கர் உள்ளே வந்தார்.

"நல்ல பெல்ட்ட எதுக்குய்யா வெட்டுற? வெட்டியாச்சுன்னு எழுதிடு. நாளைக்கு ஆடிட் வர்றாங்க, ரிஜிஸ்டர் கிளீனா இருக்கணும். அது ஒரு மூலைல கெடக்கட்டும், எதுக்காவது ஆவும்."

எல்லாப் பழியையும் அவர் தலையில் போட எனக்கும் ஆசைதான். ஆனால் தோல் பதனிடும் நம் ஊர்க்காரனுக்கு இந்தப் புத்தி ரத்தத்திலேயே ஊறியது. தோலைச் சுரண்டிய கழிவைக்கூட நாம் வீசமாட்டோம், அதற்கும் ஒரு ஆள் வண்டியோடு வந்து நிற்பான். அந்தப் பெல்ட்டை வெட்ட எனக்கும் மனது வரவில்லை. கழித்த சாமான் பதிவேட்டில் எழுதினேன்: "மூன்று டன் பெல்ட் ஒன்று, ஓரம் வெட்டுப்பட்டது, இரண்டாக வெட்டி அழிக்கப்பட்டது." கீழே என் கையெழுத்து. மேனேஜர் போடவில்லை. அவர் எதிலும் போடமாட்டார். சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ளாத மேனேஜரை நான் அவரைத் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து உன்னைத் திடீரென்று ஆம்பூர் சைட்டுக்குப் போகச் சொன்னார்கள். நீ பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் இரும்புத் தூலத்தை அந்த மஞ்சள் பெல்ட்டால் கட்டி கிரேனில் மாட்டிவிட்டார்கள். இரும்பின் விளிம்பு அறுக்காமலிருக்க பெல்ட்மேல் சாக்கைச் சுற்றியிருந்தார்கள். அந்த வெட்டு சாக்குக்குள் இருந்தது. தூலம் ஆடாமல் பிடிக்கும் கயிற்றை மட்டும் உன் கையில் கொடுத்தார்கள். பெல்ட் அறுந்து தூலம் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் தெரியும்.

நீ போன மூன்றாம் நாளே கம்பெனி அறிக்கை தயார். இறந்தவர் டேக் இல்லாத வெளிப் பெல்ட்டைத் தானே கொண்டுவந்து, யாரிடமும் சொல்லாமல் கட்டிவிட்டாராம். கம்பெனி ஸ்டோரில் அப்படி ஒரு பெல்ட்டே கிடையாதாம். இருந்த ஒன்றையும் வெட்டி அழித்தாகிவிட்டதாம். அதற்கு ஆதாரம் என் கையெழுத்து.

நான் கேட்கப் போனேன் மாப்ளே, போகாமல் இல்லை. பாஸ்கர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பேரு இருக்கறது உன்னுதுய்யா. வாயத் தொறந்தா உள்ள போறது நீ. நான் எங்க இருக்கேன், காட்டு பாக்கலாம்?"

காட்ட முடியவில்லை. வாயை மூடிக்கொண்டேன். உன் காரியத்துக்கு வந்தவர்கள், "கண்டதையும் எடுத்துக் கட்டினா இப்டித்தான் ஆவும்" என்று என் காதுபடப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அவர்களுக்குச் சாம்பார் ஊற்றியது நான். அன்றைக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஐந்து மாதம் அப்படியே போனது.

நம் கம்பெனி கேட்டில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ரஷீத் பாயை நீ மறந்திருக்க மாட்டாய். தோல் மண்டி கேட்டில் காலம் தள்ளிவிட்டு நம்மிடம் வந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. உருதுப் பள்ளியில் படித்தவர், கேட் புத்தகத்தையும் உருதுவில்தான் எழுதுவார். வெளியே போகும் ஒவ்வொரு சாமானுக்கும் அந்தப் புத்தகத்தில் மேனேஜர் கையெழுத்து வேண்டும் என்பது தலைமை ஆபீஸ் உத்தரவு. அது இல்லாமல் பாய் வண்டியை விடமாட்டார். "கோழி கிளறின மாதிரி இருக்குது பாய்" என்று சிரித்துக்கொண்டே, அவர் பேனாவையே வாங்கிப் பாஸ்கர் அதில் மட்டும் போட்டுவிட்டுப் போவார்.

ஒருநாள் மதியம் பாய் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "இன்னா குமரு, எப்பவும் பேஜாராவே இருக்க?"

சொன்னேன். வெளிப் பெல்ட் என்று கம்பெனி எழுதியதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வெளி பெல்ட்டா? யார் சொன்னது? நம்ம கேட்லதானே போச்சு!" புத்தகத்தைப் புரட்டி, விரலை வலமிருந்து இடமாக ஓட்டிப் படித்தார். "மஞ்ச பெல்ட்டு ஒண்ணு, டேக் சீட்டு கிடையாது, ஓரம் கிழிஞ்சது, ஆம்பூர் வண்டி. இதோ பாரு, மேனேஜர் சாபோட கையெழுத்து."

"ஏன் பாய் இத்தன நாளா சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கவே இல்லியேப்பா. கேட்டுக்காரன யாரு கேப்பாங்க?"

நான் வெட்டி அழித்ததாக எழுதிய தேதிக்குப் பதினோரு நாள் கழித்த தேதி அது. உன்னிடம் மறைப்பதற்கென்ன, அப்போது எனக்கு அழுகை வரவில்லை. வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. சிக்கினான் பாஸ்கர். இனிமேல் அவனை 'அவர்' என்று எழுதமாட்டேன். ஆனால் அது வேறு பெல்ட் என்று அவன் சொல்லிவிட்டால்? டேக்கைக் கிழித்தது நான், வெட்டாமல் வெட்டியதாக எழுதியது நான் என்று நானே போய்ச் சொன்னால்தான் அந்த வரிக்கு உயிர் வரும்.

முதலில் கோமதியிடம் சொன்னேன். தையல் வேலை முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடி கேட்டாள்.

"அஞ்சு மாசமா இத வெச்சிக்கினா என் வீட்டுக்கு வந்து போன?"

"பயந்துட்டேம்மா."

"அவரு மட்டும் பயப்படாம செத்தாரா? எழுதினது நீதான, நீயே போய்ச் சொல்லு. நானும் வர்றேன். நீ சொல்றத என் காதால கேக்கணும்." கதவை அவள் சாத்தவில்லை. நான்தான் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டேன்.

அரசு விசாரணை அதிகாரி முன்னால் நாங்கள் நால்வரும் உட்கார்ந்தோம். பாஸ்கர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "பொய்யா எழுதினேன்னு ஒத்துக்கிட்டா உங்க மேலயும் கேஸ் வரும், தெரியுமில்ல?" என்றார் அதிகாரி. "அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றேன். பிறகு ரஷீத் பாய் அந்த வரியைப் படித்தார், அதிகாரி கேட்டதற்காக இரண்டாம் முறையும் படித்தார். உருது தெரிந்த இன்னொருவரை வரவழைத்தும் சரிபார்த்தார்கள்.

அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் மாப்ளே. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோல் மாதிரி வெளுத்துவிட்டது. எத்தனையோ ராத்திரி தூங்காமல் அந்த முகத்தைக் கற்பனை செய்து வைத்திருந்தேன், நேரில் அதைவிட நன்றாகவே இருந்தது.

"கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதான் சார். ஆனா எனக்கு உருது தெரியாது. என்ன எழுதியிருக்குன்னு படிக்காமலே போட்டுட்டேன்."

"படிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழ எப்டி சார் கையெழுத்து போடுவீங்க?"

அறையே அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கோமதி மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவனாவது படிக்காமல் போட்டான். நான் என் கையாலேயே எழுதி, எழுதியது சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பார்த்து, அதற்கப்புறம் போட்டேன்.

இப்போது வழக்கு எங்கள் இருவர் மீதும் நடக்கிறது. வேலை போய்விட்டது. வக்கீல் ஒருவர் வந்து, மேனேஜர் மிரட்டியதால் எழுதினேன் என்று சொன்னால் நான் தப்பிக்கலாம் என்றார். அவன் என்னை மிரட்டவில்லை மாப்ளே, சும்மா சொன்னான், நான் கேட்டேன். அதை மாற்றிச் சொல்லமாட்டேன். ஒரு சொல் பொய்யென்று பிடிபட்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறி வந்துவிடுவான். அந்த ஒரு வழியையும் அவனுக்கு விட்டுவைக்க எனக்கு மனதில்லை.

எத்தனை வாய்தா ஆனாலும் ஒன்றுக்கும் தவறாமல் போவேன். அவன் எதிரில், அவன் கண்ணில் படும் இடத்திலேயே நிற்பேன். நீ வெளிப் பெல்ட் கொண்டுவந்தாய் என்ற வரியைக் கம்பெனிக்காரர்களே அடித்துத் திருத்தி எழுதித்தர வைத்து, அந்தக் காகிதத்தைக் கோமதி கையில் கொடுப்பேன். அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கிறதோ, அதில் ஒரு நாள்கூடக் குறையாமல் எனக்கும் கொடுங்கள் என்று கேட்பேன். அவனை உள்ளே தள்ள வேறு வழி இல்லையென்றால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
அவள் மன்னிக்காத, நீயும் மன்னிக்கத் தேவையில்லாத உன் மச்சான்,
குமரவேல்