பதினோரு மாதக் குடோன்

ஜூலை 15, திங்கள்

விடிந்ததிலிருந்து மேல்காற்று. மாடியில் காயப்போட்ட சேலை பக்கத்து வீட்டுக் கேபிள் கம்பியில். வாயெல்லாம் மண்.

இன்றைக்கு:
ஜூன் காலாண்டுக் கணக்கு ஆடிட்டருக்கு.
சாமுவேலுக்குப் பல் டாக்டர்.
பெரிய குடோனுக்கு ராட்சத ஃபேன் இரண்டு, ஆர்டரில் கையெழுத்து. (சூப்பர்வைசர் மாரியப்பன் கோடை முழுக்கக் கெஞ்சினார். முந்திரி மூட்டை இறக்குகிறவர்கள் உள்ளே வெந்து சாகிறார்கள்.)
மக்ரூன் கால் கிலோ.

ஃபேனும் மக்ரூனும் ஆயிற்று. பல் டாக்டர் இல்லை. என் வீட்டுக்காரர் வர மறுத்துவிட்டார். ஹெட்மாஸ்டர், ஊசிக்குப் பயம்!

ஆடிட்டர் காவ்யா, மதுரைப் பெண், என் மகள் வயது. உட்கார்ந்ததும் முதல் கேள்வியே வாடகைகள் பற்றி. ஏப்ரலிலிருந்து புது விதி அல்லவா. முன்பெல்லாம் வாடகை என்றால் செலவு, மாதா மாதம் எழுதினோம், முடிந்தது. இனிமேல் வரப்போகும் வருடங்களின் வாடகையையும் சேர்த்து இப்போதே கடனாகக் காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் முடிகிற வாடகைக்கு மட்டும் விலக்கு.

எனக்கென்ன பயம்? எங்களுடையது எல்லாம் பதினோரு மாத ஒப்பந்தம். இந்த ஊரில் வீடு, கடை, குடோன் எதுவானாலும் பதினோரு மாதம்தான். முடிய முடியப் புதுப் பத்திரம். அதனால் கம்பெனியின் கணக்கு மேனேஜராக மே மாதமே போர்டுக்கு ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: 'புதிய விதியால் நிறுவனத்துக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.' பங்குச் சந்தைக்கும் அதே வரி போயிற்று. கொஞ்சம் கர்வம்கூட.

ஜூலை 16, செவ்வாய்

கர்வம் மதியத்தோடு சரி.

காவ்யா பெரிய குடோனைப் பார்த்துவிட்டு வந்தாள். தலை முழுக்கத் தூசி, கையில் மாரியப்பன் கொடுத்த இளநீர்.

"மேடம், அந்த கான்கிரீட் தரை யார் போட்டது?"

"நாங்கதான்."

"எடைமேடை?"

"அதுவும் நாங்கதான்."

"அப்ப பதினோரு மாசத்துல காலி பண்ணிட்டுப் போயிருவீங்களா?"

சிரித்தேன். பதினான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறோம், ஹார்பர் வாசலை ஒட்டி, எங்கே போக? சிரித்து முடிப்பதற்குள் புரிந்துவிட்டது. தூக்கிவாரிப் போட்டது.

"பேப்பர்ல என்ன இருக்குன்னு மட்டும் பாத்தாப் போதாது மேடம். நெசத்துல எவ்வளவு காலம் இருப்பீங்கன்னு பாக்கணும். தரையும் எடைமேடையும் இன்னும் ஒன்பது வருஷம் உழைக்கும். ஒன்பது வருஷ வாடகையைக் கடன்ல ஏத்தணும்."

போட்டுப் பார்த்தேன். இவ்வளவுதான் கடன் இருக்கலாம் என்று வங்கி விதித்த வரம்பைத் தாண்டுகிறது. தாண்டினால் வங்கிக்காரர்கள் வாசலில். மறுபடி போட்டேன். அதே தொகை. ஆண்டவரே.

ஜூலை 17, புதன்

சென்னையிலிருந்து நிதித் தலைவர் ஃபோன். "பாதிப்பு இல்லைன்னு எழுதினது நீங்கதானே?" இதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். நான்தான் சார், நான்தான் சார்.

காவ்யா ஒரு வழி சொன்னாள். குடோன் ஓனர் எத்தனை வருடம் தருவார் என்று அவர் கையெழுத்தோடு கடிதம் வாங்க வேண்டும். இரண்டு மூன்று என்று அவர் எழுதினால் கடனும் அந்த அளவுக்குக் குறையும். வரம்புக்குள் வந்துவிடும்.

இவ்வளவுதானா? ஓனர் செல்லத்துரை அண்ணாச்சி தங்கமான மனுஷர். கடிதம் தயார் செய்தேன். 'ஆடிட்டர் கணக்குப்படி எங்கள் குத்தகைக் காலம் ஒன்பது ஆண்டு. தாங்கள் எத்தனை ஆண்டு தர எண்ணியுள்ளீர்கள் என்பதை எழுத்து மூலம் உறுதி செய்யவும்.' சுருக்கம், தெளிவு. மறுபடியும் கொஞ்சம் கர்வம், சனியன்.

ஜூலை 18, வியாழன்

ஏரல். அண்ணாச்சியின் வாழைக்காய் மண்டி. வழியெல்லாம் வெயில், கார் ஏ.சி. மக்கர்.

ஒவ்வொரு முறையும் நடப்பது இது: நான் பத்திரத்தை நீட்டுவேன். "எங்கனம்மா போடணும்?" என்பார். விரலை வைத்துக் காட்டுவேன். ஒரு வரி வாசிக்க மாட்டார். கையெழுத்து, காபி, டிக்கியில் ஒரு சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம்.

இன்று கண்ணாடியைத் தேடினார். வாசித்தார். முதலிலிருந்து திரும்ப வாசித்தார்.

"என்னம்மா இது, ஒம்பது வருசம்?"

"அது ஒரு கணக்குக்கு அண்ணாச்சி. புது ரூல் வந்திருக்கு."

"பதினோரு மாசம்னு எதுக்கு எழுதுதோம்? எடம் கைய விட்டுப் போயிரக் கூடாதுன்னுதான. இப்ப ஒம்பது வருசம் ஒங்களுதுன்னு எழுதிக் கேக்கீய."

"அப்படி இல்ல அண்ணாச்சி..."

"வேற எப்படிம்மா? பதினாலு வருசத்துல எப்பவாது எப்பக் காலி பண்ணுவீயன்னு நான் கேட்டிருக்கனா? எத்தன வருசம் தருவன்னு நீங்க கேட்டிருக்கீயளா? கேக்காமத்தான ஓடுச்சு!"

கடன், வரம்பு, ஆடிட்டர் எல்லாம் சொன்னேன். ஒன்றும் ஏறவில்லை. அவர் முகத்தில் கோபமே இல்லை, பயம். வக்கீலுக்குப் படிக்கும் தம்பி மகனிடம் காட்ட வேண்டும் என்று கடிதத்தை மொபைலில் படம் எடுத்துக்கொண்டார்.

காபி வந்தது. பழம் வரவில்லை. திரும்பும்போது காரில் அழுகை வந்துவிட்டது, பழத்துக்காக அழுகிறேனா என்று டிரைவர் முன்னால் வெட்கம் வேறு.

ஜூலை 20, சனி

ரெஜிஸ்டர் தபால். நடப்பு ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது, அதற்கு மேல் புதுப்பிப்பதாக இல்லை, குடோனைக் காலி செய்யவும். கீழே அண்ணாச்சியின் கையெழுத்து. நான் விரல் வைத்துக் காட்டாமல் அவரே போட்டது.

நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே இருந்தேன். டீ ஆறிப் போய்விட்டது.

ஹார்பர் பக்கத்தில் இவ்வளவு பெரிய இடம் வேறு கிடையாது. மூட்டை இறக்குகிற அறுபது குடும்பம் அந்த ஒரு கூரையை நம்பி இருக்கிறது.

சாமுவேல்: "ஏளா, நீ கேக்காம இருந்திருந்தா நம்ம பேரன் காலம் வரைக்கும் இருந்திருப்பீங்க."

எரிச்சல். சரியாகத்தான் சொல்கிறார், அதனால் இன்னும் எரிச்சல்.

ஜூலை 22, திங்கள்

மறுபடி ஏரல். அலுவலகத்தில் சொல்லவில்லை, அரை நாள் லீவு. மண்டியில் நல்ல கூட்டம், வாழை தார் தாராக இறங்குகிறது. ஓரமாக நின்றேன்.

கடிதத்தை அவர் முன்னால் கிழித்தேன். "மறந்துருங்க அண்ணாச்சி. நான் கேக்கவே இல்ல. பழையபடி பதினோரு மாசம், ஒங்க இஷ்டம்."

கிழிந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கிழிச்சிட்டீய. நான் வாசிச்சிட்டனே."

துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

"ஒங்க மேல ஒண்ணும் இல்லம்மா. ராத்திரி ஒறக்கம் வர மாட்டேங்கு. நாளைக்கு நான் இல்லாத காலத்துல ஒங்க கம்பெனி அந்தத் தாளக் காட்டி நிக்கும்னு தோணுது. தோணிட்டுல்லா, அப்புறம் என்ன செய்ய?"

தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடித்தேன். வந்துவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இடது கண் துடிக்கிறது. மாத்திரை வாங்க மறந்தேன்.

காவ்யாவிடம் நோட்டீஸைக் கொடுத்தேன். வாசித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மேடம்... அப்ப இது செப்டம்பரோட முடியுது."

"ஆமா."

"புதுப்பிக்க மாட்டேன்னு ஓனரே எழுதிட்டார். அப்ப பன்னிரண்டு மாசத்துக்குள்ளதான். விலக்கு பொருந்தும். கடன்ல ஏத்த வேண்டாம்." சொல்லும்போது அந்தப் பெண் குரல் தேய்ந்தது. "சாரி மேடம்."

சென்னைக்குச் சொன்னேன். நிதித் தலைவர் ஃபோனிலேயே கை தட்டினார். "சூப்பர் மேடம்! எப்படி சாதிச்சீங்க? போர்டு நோட்ல உங்க பழைய வரியே இருக்கட்டும்."

"சார், குடோன் போச்சு சார்."

"அது ஆபரேஷன்ஸ் பாத்துப்பாங்க. கணக்கு க்ளீன். அதான் நமக்கு வேணும்."

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. மே மாதம் நான் எழுதியபோது அந்த வரி தப்பு. இன்று ஒரு எழுத்து மாற்றவில்லை, சரியாகிவிட்டது. 'பாதிப்பு இல்லை.' கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

மாதா கோயில் கொடியேற்றம். பீச் ரோடு முழுக்க ஜனம், ஆபீஸ் வர அரை மணி தாமதம். போர்டு மீட்டிங் பதினொன்றுக்கு. எங்கள் விஷயத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுத்தது என்ன என்றார்கள்.

பன்னிரண்டு மணிக்கு மாரியப்பன் ஃபோன். பின்னால் ஒரே சத்தம், சிரிப்பு.

"மேடம், ஃபேன் ரெண்டும் வந்துட்டு! எம்புட்டுப் பெருசு! பயலுவ இப்பமே மாட்டணும்னு நிக்கானுவ. செவுத்துல ஓட்டை போடணும், அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடவா?"