கிண்டக்கூடாத மூலை

மச்சாள்,

மகள் இங்கே ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீடு வாங்கிவிட்டாள். பின்வளவில் பூப்பாத்தி கட்டவென்று பழைய சிலிப்பர்க்கட்டைகளை இறக்கியிருக்கிறார்கள், தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கட்டைகள். நேற்று மத்தியானம் வெயில் பட்டதும் அவற்றிலிருந்து தார் நெடி கிளம்பியது. யன்னலைப் பூட்டினேன். பூட்டி என்ன, நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

ஊரில் ரயில் நின்றுபோன காலத்தில் இந்தக் கட்டைகளைப் பிடுங்கித்தானே எல்லோரும் பங்கர் போட்டோம். ரயில் பாதை ஓரத்தில் இருந்த அப்படியொரு பங்கருக்குள்தான் செத்துக்கிடந்த உங்கள் தம்பியை, என் மனுசனை, நீங்களும் மாமாவும் வைத்து மண் மூடினீர்கள். ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரம்; வேறு எங்கே கொண்டுபோவது? நான் கொழும்பில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தேன். மாமாவும் காலமான பிறகு அந்த இடம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்.

போனில் கேட்டால் சொல்லமாட்டீர்கள். "வா, வந்தால் காட்டுறன்" என்பீர்கள். நீங்கள் இருந்ததோ இங்கிலாந்தில், உங்கள் மனுசன், அத்தான், பெற்றோல் ஸ்ரேசன் நடத்திய ஒரு சின்னக் கிராமத்தில். இவவுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன், கோபிக்காதேங்கோ.

மகள் ஹைஸ்கூல் முடித்த வருடம் ஒருவழியாக இங்கிருந்து பிளேன் ஏறி உங்களிடம் வந்தேன். அடுத்த நாளே ஃபிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு, கோட்டை பார்க்கலாம் என்று கூட்டிப்போனீர்கள். கோட்டையைக் காணோம். செம்மறிகள் மேயும் வயலில் பெரிய புல்மேடு ஒன்று, அதைச் சுற்றி அகழி.

"உதைக் காட்டவோ இவ்வளவு தூரம் நடத்தினியள்?"

"கல்லையெல்லாம் ஊராக்கள் வீடு கட்டக் கொண்டுபோயிட்டினம். வெட்டின கிடங்கை எங்க தூக்கிக்கொண்டு போறது?" என்று சிரித்தீர்கள்.

அகழியின் ஒரு பக்கத்தை அறுத்துக்கொண்டு பழைய ரயில் பாதையின் மண்மேடு போனது. தண்டவாளம் எப்போதோ கழற்றப்பட்டுவிட்டது. செங்கல் பாலம் மட்டும் முள்ளுப்பற்றை மூடி நின்றது. மேடும் அகழியும் முட்டுகிற மூலைக்கு வந்ததும் உங்கள் சிரிப்பு போய்விட்டது.

"ஊரிலையும் இப்பிடித்தான் இருந்தது. பாலம் அந்தப் பக்கம். பங்கர் வாசல் இந்தப் பள்ளத்துக்க. தம்பியின்ர தலை இஞ்சால."

சால்வையைக் கழற்றிப் புல்லில் நீளமாக விரித்தீர்கள். அவர் எவ்வளவு உயரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஊரில அது எந்த இடமெண்டு சொல்லுங்கோ மச்சாள்" என்று கெஞ்சினேன்.

"போய்ப் பாத்தனான். புது றெயில் போட மேட்டை அகட்டிப்போட்டாங்கள். எனக்கே பிடிபடேல்லை. இஞ்ச வந்து நிண்டாத்தான் பிடிபடுது."

பிறகு வேலியோரம் இருந்த பலகையைக் காட்டினீர்கள். பழங்காலச் சின்னமாம், மண்ணில் யாரும் கைவைக்கக் கூடாதாம். "பாத்தியே, இதில ஒருத்தரும் கிண்டேலாது" என்றீர்கள். பிளேன்ரீயைச் சால்வையின் தலைமாட்டில் ஊற்றினீர்கள். ஒவ்வொரு திவசத்துக்கும் இதைத்தான் செய்து வந்திருக்கிறீர்கள். உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேன். எனக்கு ஆத்திரமும் வந்தது. யாரோ ஒரு துரையின் மண்ணுக்கு இவ்வளவு காவல், எங்கள் ஆளின் மண்ணுக்கு இல்லையே!

அத்தானும் போன பிறகு, எங்களோடு வந்து இருங்கள் என்று எத்தனை தரம் கேட்டேன். "தம்பியைத் தனிய விட்டிட்டோ?" என்பீர்கள். போன பனிக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள்.

இப்போது மகள் ஊருக்குப் போக பிளேன் ரிக்கற் போட்டிருக்கிறாள். "அம்மா, அப்பா எக்ஸாக்ற்லி எங்க இருக்கிறார்? எனக்கு லொகேஷன் வேணும்" என்று வரைபடத்தைத் திறந்து போனை நீட்டுகிறாள். அதில் நான் எதைத் தொட்டுக் காட்டுவேன்? நேற்றுப் பின்னேரம் அவளைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனேன். மூலையில் கொட்டியிருந்த புது மண்ணைக் குவித்து ரயில் மேடு செய்தேன். விரலால் அகழி கீறினேன். பாலத்துக்கு ஒரு கல். தலை எந்தப் பக்கம் என்பதையும் காட்டினேன்.

அவள் குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தாள். "இது ஊரா, இங்கிலாந்தா?"

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான் பிள்ளை."

இன்று காலை கன்று நட ஆட்கள் வந்தார்கள். மண்வெட்டியோடு அந்த மூலைக்குப் போனவனை ஓடிப்போய் மறித்தேன். இந்த இடத்தில் மட்டும் கிண்ட வேண்டாம் என்று எனக்கு வந்த இங்கிலீசில் சொன்னேன். ஏன் என்று கேட்டான். மண்மேட்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றேன், மச்சாள். மகள்தான் வந்து பக்கத்தில் நின்று சொன்னாள்:

"மை டாட் இஸ் ஹியர்."