எஃகுப் பட்டையை யாரும் மாற்றவில்லை

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. எனக்கு இன்று எழுபத்தொன்பது வயது, மூன்று மாதம், ஆறு நாள்.

அன்புள்ள என் கணவருக்கு,

நினைவு நாள் கடிதம் என்றால் 'அன்புள்ள' என்றுதான் தொடங்க வேண்டுமாம். நம் மகன் செழியன் தொலைபேசியில் சொன்னான். தொடங்கிவிட்டேன். இனி அந்தச் சொல்லுக்கு இங்கே வேலை இருக்காது.

நீங்கள் இறந்து நாளையோடு ஓராண்டு. செழியன் பத்திரிகையில் அரைப் பக்கம் எடுத்திருக்கிறான். உங்கள் படத்துக்குக் கீழே என் பெயரில் நான்கு வரி வர வேண்டும் என்றான். "கண்ணீர்னு ஒரு வார்த்தை வந்தா போதும்மா, மத்தத அவங்களே எழுதிக்குவாங்க." நான்கு வரி போதாது என்றேன். துக்கம் மிகுதி என்று நினைத்துக்கொண்டு அரைப் பக்கத்தையும் என்னிடம் விட்டுவிட்டான். ஆகவே உங்கள் படத்துக்கு இடமில்லை.

நம் மலையூர் ரிங்லெட்டில் மூன்று நாளாக மழை. பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டையிட்டு நீங்கள் நட்ட வேலி சாய்ந்துவிட்டது. அவர் தம் முட்டைக்கோஸ் பாத்தியை இந்தப் பக்கமாக ஓரடி நீட்டியிருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று இரண்டு முட்டைக்கோஸ் கொண்டுவந்து வைத்தார். இத்தனை ஆண்டுகளில் அந்த வீட்டிலிருந்து நமக்கு வந்த முதல் காய் அதுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. வரும் திங்கட்கிழமை செழியன் கோவிந்தன்மேல் போலீஸில் புகார் கொடுக்கப் போகிறான். உங்கள் மேசை இழுப்பறையில் ஒரு தாள் கிடைத்ததாம். 'என் செயினைத் திருடியவன் கோவிந்தன்' என்று உங்கள் கையெழுத்தில் இருந்ததாம். அதை உங்கள் கடைசி விருப்பம் என்று எடுத்துக்கொண்டான். வேறு எதையும் நீங்கள் அவனுக்கு எழுதி வைக்கவில்லையே, அவன்தான் என்ன செய்வான்?

கோவிந்தனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்து ஊர் தானா ராத்தாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடிகாரம் பழுது பார்த்தவர் அவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் முன்பு நீங்கள் 'செயின்' என்று சொல்லும் உங்கள் கைக்கடிகாரத்தின் எஃகுப் பட்டையைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷால் அழுக்கெடுத்து, பூட்டிக் கொடுத்தார். இருபத்தாறு ஆண்டுகள் அதைச் செய்தார்.

அந்தக் கடிகாரம் நம் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். என் அப்பா மாரிமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நாடு திரும்பிய வெள்ளைக்காரத் துரை தம் சுவிஸ் கடிகாரத்தை அப்பாவிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அதை ஒரு நாளும் கட்டவில்லை. வரப்போகும் மாப்பிள்ளைக்கென்று பெட்டியில் வைத்தார். மாப்பிள்ளையாக வந்தவர் நீங்கள், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்பு உங்கள் அம்மா சீர்வரிசையைப் பார்க்க வந்தார். கடிகாரத்தில் தோல்பட்டை. "செத்த மாட்டுத் தோலக் கட்டிக்கிட்டா என் மவன் தாலி கட்டுவான்? செயின் போட்டுக் குடுங்க சம்மந்தி." நீங்கள் வாசற்படியில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஈப்போவில் விசாரித்தோம். அதற்குப் பொருந்தும் பட்டை சிங்கப்பூரிலிருந்து வர ஐந்து மாதம் ஆகும் என்றார்கள். ஆனாலும் முகூர்த்தத்தின்போது உங்கள் மணிக்கட்டில் எஃகுப் பட்டை இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று ஒரு முறையாவது கேட்டீர்களா?

கேட்கவில்லை. நீங்களே பதிலைத் தயாரித்துக்கொண்டீர்கள். காதுகுத்துக்கு வந்தவர்கள்கூட உங்கள் பாடத்தைக் கேட்காமல் சாப்பிட உட்கார முடியாது. "சுவிஸ்காரன் வேலைய பாரு லா. தகட்ட மடிச்சு உள்ள காத்த வச்சு ஏமாத்தல, ஒவ்வொரு கண்ணியும் கட்டி எஃகு. நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, குறுக்கே ஊசி. பூட்டுக்கிட்ட வர வர எப்படிக் குறுகுது பாரு. இத்தன வருஷத்துல ஒரு நூல் அளவாவது இழுபட்டிருக்கா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தால், "ஒனக்கு இது வெளங்காது ராஜி, போய் வடையப் பாரு" என்பீர்கள். முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவளிடம் சொன்னீர்கள். வடை ஒரு நாளும் கருகியதில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு பெருமையடித்துக்கொள்ளவே கோலாலம்பூரில் பழைய கடிகாரங்களை மதிப்பிடும் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனீர்கள். கடிகாரம் அசல், பட்டை அசலன்று என்றார் அவர். அந்தக் காலத்தில் அந்தக் கடிகாரத்தோடு வந்த பட்டைகள் மடித்த தகட்டால் ஆனவை, உள்ளீடற்றவை. இதுவோ முழு எஃகு, பூட்டில் முத்திரையும் இல்லை. 'அதைவிட இது உயர்ந்த வேலை' என்றும் அவர் சொன்னார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். உங்கள் காதில் 'அசலன்று' மட்டும் விழுந்தது. மட்டமானதை எடுத்துக்கொண்டு உயர்ந்ததைப் பூட்டிவிட்டுப் போகும் திருடன் உலகில் உண்டா என்று நீங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கோவிந்தன் கடைமுன் நின்று கத்தினீர்கள். "திருடன்டா நீ. என் செயின மாத்திட்ட."

"சார், நான் ஊசியத் தவிர எதையும் கழட்டினதில்ல."

"ஊசியக் கழட்டத் தெரிஞ்சவனுக்கு மத்தது தெரியாதா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெடுக்கென்று பேசுவதில் நீங்கள் எப்போதுமே கெட்டிக்காரர். நான்கு மாதத்தில் அவர் கடையை மூடினார். கடிகாரத்தை நம்பிக் கொடுக்க ஆளில்லை.

நான் உங்கள் அருகில் காய்கறிப் பையோடு நின்றேன். அந்தப் பட்டை கல்யாணத்தன்று இருந்த அதே பட்டை என்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. அஞ்சினேன் என்று எழுதினால் படிப்பவர்கள் இரங்குவார்கள், ஆனால் அது பொய். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அதைக் கட்டும்போது உங்கள் முகத்தில் ஒரு சந்தேகம் ஊறியது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. நான் ரசிப்பதற்காகக் கோவிந்தன் திருடனாக இருந்தார். உங்களை மன்னிக்காததுபோலவே என்னையும் நான் மன்னிக்கவில்லை.

போன சனிக்கிழமை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருந்த கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பிரிஞ்சாங் சந்தைக்குப் போனேன். அங்கேதான் கோவிந்தன் இப்போது போன் உறைகள் விற்கிறார்.

"வாங்க டீச்சர். ஐயா திட்டி முடிச்சுட்டாரு. மிச்சம் எதுவும் இருக்கா?"

"திட்ட வரவில்லை. இதைப் பாருங்கள்."

சட்டைப் பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்துக் கண்ணில் பொருத்தினார். போன் உறை விற்பவருக்கு அது எதற்கு?

"இத நான் மொத வருஷமே கண்டுக்கிட்டேன் டீச்சர். இது கம்பெனி செயின் இல்ல. யாரோ கையால அரம் போட்டு ராவியிருக்காங்க. மொத மூணு கண்ணி தடுமாறியிருக்கு, நாலாவதுல கை பழகிருச்சு. நல்ல வேலை லா."

"அவர் கடைமுன் கத்திய அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை?"

"கல்யாணத்துக்கு மாமனார் வீட்டுல போட்டதுன்னு ஐயா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. அது அசல் இல்லன்னு நான் சொன்னா உங்க அப்பா பேரு கெட்டுப்போகும். செத்தவரப் பத்தி நாலு பேரு பேசுற மாதிரி நான் ஏன் செய்யணும்? வாய மூடிக்கிட்டேன்."

நடுச்சந்தையில் எனக்கு உட்கார இடம் தேவைப்பட்டது. அவர் தம் முக்காலியைத் தந்தார். என் அப்பாவின் பெயரைக் காக்க அந்த மனிதர் தம் பெயரைக் கொடுத்திருக்கிறார். அப்பாவின் மகளோ பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"யாரு டீச்சர் செஞ்சது?" என்றார்.

"முதலில் தெரிய வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சொல்லிவிட்டு உங்களுக்குச் சொல்கிறேன்," என்றேன்.

அதற்காகத்தான் இந்த அரைப் பக்கம். கோவிந்தன் எதையும் மாற்றவில்லை, எதையும் திருடவில்லை. என் கணவர் சொன்னது பொய், நான் காத்த மௌனமும் பொய். செழியன் இதை அச்சில்தான் படிப்பான். திங்கட்கிழமை அவன் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் கத்திய, இப்போது மூடிக் கிடக்கும் அதே கடைமுன், அதே கூட்ட நேரத்தில், செழியனை அருகில் நிறுத்திக்கொண்டு கோவிந்தனிடம் மன்னிப்புக் கேட்பேன். பிறகு அவர் கையாலேயே நான்கு கண்ணிகளைக் கழற்றச் சொல்லி, கடிகாரத்தை என் மணிக்கட்டுக்கு அளவு வைத்துக்கொள்வேன். அது இனி உங்கள் படத்துக்கு முன்னால் இராது.

செய்தது யார் என்பதற்கு வருகிறேன். என் அப்பா என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். அந்த மாதம் அப்பாவின் வலக்கை தேயிலை உருட்டும் இயந்திரத்தில் நசுங்கிக் கட்டுப்போட்டுக் கிடந்தது. கல்யாணத்தன்றும் அந்தக் கட்டு இருந்தது. நீங்கள் அவர் கையைப் பார்த்ததே இல்லை. அவர் பட்டறையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, கழித்துப்போட்ட எஃகுச் சட்டத்தை அறுத்து, அறுபது துண்டாக்கி, ராவி, துளையிட்டு, ஊசி கோத்தவள் நான். பத்தொன்பது நாள் ஆயிற்று. அரம் கிழித்த விரல் நுனிகளை மருதாணி மறைத்துவிட்டது. அக்கினியை வலம் வரும்போது நீங்கள் பிடித்திருந்தது அந்த விரல்களைத்தான்.

ஐம்பத்து மூன்று ஆண்டுகள் நீங்கள் ஊருக்கெல்லாம் மெச்சிக் காட்டிய சுவிஸ்காரன் நான்தான்.

உங்கள் மனைவி,
ஃபிட்டர் மாரிமுத்துவின் மகள்,
ராஜலட்சுமி